அளவு சரியில்லை

வருஷக் கடைசி நெருங்கினால் அந்தக் கட்டடத்தில் காலிங்பெல்லுக்கு ஓய்வே கிடையாது. படிக்கட்டில் யாராவது ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருப்பார்கள். கையில் பழுப்பு அட்டைப்பெட்டி, இல்லாவிட்டால் ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் உறை. அந்த வருஷம் மழையும் விடாமல் பிடித்துக்கொண்டதில் படியெல்லாம் செருப்புத் தடம். குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் காலிப் பெட்டிகள் மழையில் ஊறிக் குழைந்து கிடந்தன. முன்பெல்லாம் விடுமுறை வந்தால் ஜனங்கள் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புவார்கள். இப்போது கடைத்தெருவே மாடியேறி வந்துகொண்டிருந்தது.

கீழ்த்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய வீட்டில் தையல்காரி குடியிருந்தாள். ஜன்னலோரம் மெஷின், எதிரே கட்டில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இஸ்திரி மேஜை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர் உட்கார்ந்துதான் வழிவிட வேண்டும்.

போனில் துணி வாங்கும் பழக்கம் பரவியபோது, பிழைப்பு போச்சு என்றுதான் அவள் பயந்தாள். ஆனால் நடந்தது வேறு. வந்த துணி ஒன்றும் யாருக்கும் பொருந்தவில்லை. படத்தில் இருந்த பெண்ணுக்குக் கச்சிதமாக நின்ற கவுன் இவர்கள் உடம்பில் கொடியில் காய்வது போலத் தொங்கியது. கை நீளம், இடுப்பு அகலம், தோள் இறக்கம் என்று ஆளாளுக்கு ஒரு குறையோடு வந்து கதவைத் தட்டினார்கள்.

"யார் உடம்ப நெனச்சுத் தைக்கறாங்கன்னே தெரியல. தோளு ஒட்டகத்துக்கு, இடுப்பு எறும்புக்கு," என்பாள் நாத்தனார்.

நாத்தனார் என்றால் தையல்காரி புருஷனின் அக்காள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் மடிக்கிற வேலையில் இருந்தவள். வாடிக்கையாளர்கள் பிரித்துக் கலைத்துப் போட்ட மலையைக் கடை மூடுவதற்குள் புதுசாக்கி அடுக்கில் ஏற்றிவிடுவாள். பிறகு கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு, போனில் விலை குறைவாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று தேடிவிட்டு வெறுங்கையோடு போகத் தொடங்கினார்கள். பிரித்துப் போட ஆளில்லாத கடையில் மடிப்பதற்கு எதற்கு ஆள்? போன விடுமுறைக்கு முன்பே அவளை அனுப்பிவிட்டார்கள். ஒற்றை ஆள், தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். அன்றிலிருந்து அவள் வாயில் "அவங்க" என்று ஒரு சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவங்க என்றால் போனில் துணி விற்கிறவர்கள். அவங்க நாசமாப் போகட்டும், அவங்க என் வேலையத் தின்னாங்க.

அந்த "அவங்க"ளிடம்தான் தம்பி வேலை பார்த்தான் என்பது வீட்டில் யாரும் எடுத்துப் பேசாத விஷயம். முதுகில் பெரிய பையோடு மோட்டார் சைக்கிளில் அலையும் பார்சல்காரன் அவன். விடுமுறைக் காலத்தில் பை நிரம்பிக் கழுத்துக்கு மேலே நிற்கும். எந்தத் தெரு, எந்த மாடி, யார் வீடு என்றெல்லாம் போன் சொல்லும், இவன் ஓடுவான். வீட்டுக்கு வந்தாலும் அந்த ஓட்டம் கால்களை விட்டுப் போகாது. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவான்.

"உக்காந்து சாப்பிடுங்களேன். சோத்துக்கு யாரும் கையெழுத்துக் கேக்க மாட்டாங்க," என்பாள் தையல்காரி.

"உக்காந்தா எந்திரிக்கத் தோணாது," என்பான். போன் கூவும். பாதிச் சோற்றோடு தட்டு மேஜைக்குப் போய்விடும்.

மூன்றாம் மாடிக்காரி பச்சைக் கவுனைக் கொண்டுவந்தது மழை சற்று வெறித்த ஒரு காலையில். பல் டாக்டர் ஒருவரிடம் முன்மேஜையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிற வேலை அவளுக்கு. எலும்பும் தோலுமாக இருப்பாள். ஆனால் சிரித்தால் முகம் முழுக்கச் சிரிப்பாள். உறையிலிருந்து கவுனை எடுத்து மெஷின் மேல் விரித்தாள். காலர் ஓரத்தில் விலை அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"இடுப்பப் பிடிக்கணும்க்கா. கீழயும் ஒரு விரல் ஏத்தணும். ஆனா..." என்று நிறுத்தினாள்.

"ஆனா?"

"வெட்டக் கூடாது. இந்த அட்டையும் அப்படியே இருக்கணும். ஒரே ஒரு சாயங்காலம்தான். மறுநாள் நூலப் பிரிச்சுக் குடுத்துட்டீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

தையல்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. "போட்டுட்டா அனுப்புவ?"

"எல்லாரும் பண்றதுதாங்க்கா. ஏன் திருப்பறீங்கன்னு போன் கேக்கும். அளவு சரியில்லைன்னு ஒரு கட்டம் இருக்கு, அத அமுக்கினா போதும்." கவுனின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "கூடப் படிச்சவங்க எல்லாம் ஒரு ஓட்டல்ல சேர்றாங்க. ஒருத்தி டாக்டரு, ஒருத்தி சொந்தமா கம்பெனி வச்சிருக்கா. நான் என்ன பண்றேன்னு கேட்டா, பல் ஆஸ்பத்திரியில இருக்கேன்னு சொல்லிக்குவேன். அதுக்கு ஒரு டிரஸ்ஸாவது ஒத்துழைக்கணும்ல?"

தையல்காரி துணியை விரலில் உருட்டிப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை, முகத்தைப் பார்த்தால் மறுக்கவும் வரவில்லை. அதற்குள் இஸ்திரி மேஜையிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குத் திருப்பி அனுப்பற? அவங்களுக்கா?"

"ஆமா பெரியக்கா."

"அப்ப குடு இப்படி. தைக்கறது அவ பொறுப்பு. மடிச்சு உறையில போடறது என் பொறுப்பு. பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

தையல்காரி உட்பக்கமாக மடித்து, மெல்லிய நூலில் நீள நீளமான ஓட்டுத் தையல் போட்டாள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுதும் கையோடு வந்துவிடும். விருந்து முடிந்து கவுன் திரும்பி வந்ததும் நூலை உருவினாள். நாத்தனார் ஆவியைக் காட்டி ஊசித் தடத்தை ஆற்றினாள், கக்கத்தை உள்ளே திருப்பிக் காற்றாட விட்டாள், மெல்லிய தாளை நடுவில் வைத்து மடித்தாள். கை இரண்டும் வெகுநாள் கழித்துத் தன் வேலைக்குத் திரும்பிய மகிழ்ச்சியில் துணியின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடின. உறையில் இறக்கி ஒட்டியபோது கடையிலிருந்து வந்த நாளைவிடப் புதுசாக இருந்தது.

"போய் வா ராசாத்தி," என்று அதன் முதுகில் தட்டினாள்.

மூன்றாம் மாடியிலிருந்து சேதி இரண்டாம் மாடிக்கும் எதிர்க் கட்டடத்துக்கும் போயிற்று. விருந்துகள் நெருங்க நெருங்க, நிஜமாகத் தைத்துக்கொள்ள வருகிறவர்களைவிட "போட்டுட்டுத் தர்றவங்க" அதிகமானார்கள். அட்டை தொங்கும் துணிகள் கட்டிலில் குவிந்தன. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் நாத்தனார் அவற்றைப் போர்வையோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

"அவர்கிட்டச் சொல்லிடலாமே அண்ணி," என்பாள் தையல்காரி.

"எதுக்கு? அவன் சோறு தின்னவே நேரமில்ல. இதையும் தலைல ஏத்தணுமா? அவனுக்கு என்ன, பையத் தர்றாங்க, வாங்கிட்டுப் போறான்."

அவன் பையை வாங்கிக்கொண்டு மட்டும் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியாது. வேலையைப் பற்றி வீட்டில் வாயைத் திறக்கிற வழக்கம் அவனுக்கில்லை.

விடுமுறைக்கு முந்தைய வாரத்தில், தெருவே பார்சலில் மிதந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், அவன் வெறும் முதுகோடு வீட்டுக்கு வந்தான். அந்தப் பை இல்லாமல் அவனைப் பார்க்க என்னவோ போலிருந்தது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. என்னை நிறுத்தி வச்சிருக்காங்க. போன்ல என் பேரத் தொறந்தா சிவப்பாக் காட்டுது. வேலை வராது."

"இந்த நேரத்துலயா? ஏன்?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். சாக்ஸைப் பிழிந்தான். "திருப்பி வாங்கற துணிதான். வாசல்லயே உறையப் பிரிச்சுப் பார்க்கணும். போட்ட துணியா, அழுக்கா, கிழிசலான்னு பார்த்துட்டு, சரியா இருக்குன்னு நான் அமுக்கணும். கீழ நிக்கற வண்டிக்கு ஒருத்தன் ஹாரன் அடிப்பான், அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னு போன் கத்தும். அட்டை தொங்குதான்னு மட்டும் பார்த்துட்டு அமுக்கிட்டு வந்துட்டேன். இப்ப பார்சல் போய்ச் சேர்ற டிப்போவுல பிரிச்சுப் பார்த்திருக்காங்க. ஒரு பச்சைக் கவுன். போட்டுட்டுத் திருப்பினது. நான்தான் சரின்னு போட்டிருக்கேன்."

மெஷின் சத்தம் நின்றிருந்தது. நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"போட்டதுன்னு எப்படித் தெரிஞ்சுதாம்?" என்று கேட்டாள், யாரிடமோ கேட்பது போல.

"உள்ள ஒரு துண்டு நூல் விட்டுப்போயிருக்கு. ஆனா அதுக்கு முன்னாடியே சந்தேகம் வந்துடுச்சாம். மடிப்பைப் பார்த்து."

"மடிப்புல என்ன குத்தம்?"

"குத்தமே இல்லையாம். அதான் சந்தேகம்."

அவன் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதாவது பேசுவார்களா என்று காத்திருந்தது போல இருந்தது. தையல்காரி வாயைத் திறந்தாள்.  "டீ போடறேன்," என்று உள்ளே போய்விட்டாள். நாத்தனார் ஏற்கெனவே தேய்த்த சட்டையை மறுபடியும் தேய்த்தாள்.

அவனால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனான், வண்டியைத் தொட்டுப் பார்த்தான், உள்ளே வந்தான். டீயை வைத்த இடம் தெரியாமல் தேடினான். வெளியே எந்த மோட்டார் சைக்கிள் போனாலும் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தான். அந்தச் சின்ன அறையில் அவன் நடந்த நடைக்கு மற்ற இரண்டு பேரும் மாறி மாறி எழுந்து வழிவிட வேண்டியிருந்தது. தையல்காரி ஒரே ஊசியில் நூல் கோக்கத் திரும்பத் திரும்பத் தவறினாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் அவன் முதுகைப் பார்ப்பாள். அவன் திரும்பியதும் கண்ணை ஊசிக்கு மாற்றிக்கொள்வாள்.

அப்போதுதான் கதவைத் தட்டும் சத்தம். பக்கத்தில் நின்றவன் அவன். திறந்தான்.

மூன்றாம் மாடிக்காரி கையில் ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டோடு நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்த அவசரம். ஆள் யாரென்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அக்கா இருக்காங்களா? இதப் பிரிச்சுத் தரச் சொல்லுங்களேன். நேத்து வீட்டுக்காரர் ஆபீஸ் விருந்துக்குப் போட்டாச்சு. திருப்பி அனுப்பணும். பெரியக்காகிட்டயும் சொல்லுங்க, அந்தக் கவுன மடிச்சாங்களே, அதே மாதிரி..." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா... நீங்களா? இந்நேரம் வீட்டுலயா?"

"ஆமாம்மா. இந்நேரம் வீட்டுலதான்," என்றான். "குடுத்துட்டுப் போங்க. சொல்றேன்."

கதவைச் சாத்தினான். கோட்டைக் கட்டிலில் போட்டு உள்ளே திருப்பினான். இடுப்போரம் நீள நீளமாக ஓடிய தையலை விரலால் தடவிக்கொண்டு போனான். வாசல்களில் செய்யாமல் விட்ட வேலையை இப்போது நிதானமாகச் செய்வது போல, கக்கம், காலர், பை, எல்லாவற்றையும் பார்த்தான்.

"நான்தாங்க," என்றாள் தையல்காரி. "சொல்லிடணும்னுதான்..."

"தெரியும்."

"எப்போ?"

"டிப்போவுலயே. கவுனப் பிரிக்கறதுக்கு முன்னாடி மேஜை மேல வச்சாங்க பாரு, அப்பவே. பள்ளிக்கூடத்துக்கு என் சட்டைய இதே மாதிரிதான் மடிச்சுக் குடுக்கும் எங்கக்கா." அவன் குரல் உயரவில்லை. "யார் செஞ்சிருப்பாங்கன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னா நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு பார்த்தேன். நீ டீ போடப் போற. அக்கா, நீ தேய்ச்ச சட்டையவே தேய்க்கற."

"டேய், உனக்கு வரும்னு தெரிஞ்சா செய்வேனாடா?" என்றாள் நாத்தனார். "அவங்களுக்கு ஒரு கவுன் போனா என்ன ஆகிடப் போகுது? கால் வீங்க நின்னு நின்னு மடிச்சேன், ஒரு நாள்ல போகச் சொன்னாங்க. அதுக்குக் காரணம் யாரு? அவங்கதானே? ஒரு துணியாவது அவங்களத் திருப்பி அடிக்கட்டும்னு..."

"யாருக்கா அவங்க?" முதல் தடவையாகச் சத்தம் போட்டான். "சொல்லு, யாரு? நானும்தான் இத்தனை நாளா வேலை பார்க்கறேன், அவங்கள ஒரு நாள் பார்த்ததில்ல. ஒரு போன் இருக்கு. இந்தப் பக்கம் நான் இருக்கேன். நடுவுல வேற ஆளே கிடையாது. நீ எதை எடுத்து எறிஞ்சாலும் மொதல்ல என் மூஞ்சிலதான் விழும்."

 நாத்தனார் இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கையில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"நான் போய்ச் சொல்றேன்," என்றாள் தையல்காரி. "தைச்சது நான்னு சொல்றேன்."

"சொன்னா? பொண்டாட்டியும் அக்காவும் தைச்சு மடிச்சுக் குடுத்தாங்க, புருஷன் வாங்கிட்டு வந்தான், குடும்பத் தொழில்னு எழுதுவாங்க."

"அப்ப இந்தக் கோட்ட என்ன பண்ண?"

"பிரிச்சுக் குடு. அவங்க சாமான்."

மறுநாள் காலையில் அவன் டிப்போவுக்குக் கிளம்பினான், கேட்டுத்தான் பார்ப்போமே என்று. தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் பின்னால் நாத்தனார் வந்துகொண்டிருந்தாள்.

"நீ எங்கக்கா வர?"

"நடந்தா காலுக்கு நல்லதாம்," என்று அவனைத் தாண்டி நடந்தாள்.

திருப்பி வந்த சரக்குக்கென்று டிப்போவின் பின்புறம் தனிக் கொட்டகை. தகரக் கூரையில் மழை இரைந்தது. கொட்டகை நெடுக மேஜைகள். மேஜைக்கு மேஜை பெண்கள். உறையைக் கிழிப்பதும், காலரை மோந்து பார்ப்பதும், விரித்து விளக்குக்கு நேரே பிடிப்பதும், கூடையில் எறிவதுமாக இருந்தார்கள். எறிந்த துணிகள் சுவரோரம் ஆளுயரத்துக்குக் கிடந்தன. பிரித்துப் போட்ட துணியை நாத்தனார் வாழ்க்கை முழுக்கப் பார்த்தவள். இப்படிப் பார்த்ததில்லை. ஜவுளிக்கடையில் பிரித்ததை மடிக்க ஆள் இருந்தது. இங்கே மடிப்பார் யாருமில்லை.

மேற்பார்வைக்கு இருந்தவள் சின்ன வயதுக்காரி. காதில் மாட்டிய கருவியில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இவர்களிடமும் பேசினாள். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

"அண்ணா, நேத்தே சொன்னேனே. நான் நிறுத்தல. கம்ப்யூட்டர் அதுவா நிறுத்தியிருக்கு. எடுத்துவிட எனக்கு வழியே குடுக்கல."

நாத்தனார் முன்னால் வந்தாள். "இந்தா பாரும்மா, அவன் மேல தப்பில்ல. அந்தக் கவுன மடிச்சது நான்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். "யார் மடிச்சாங்கன்னு போட இதுல எடமே இல்லைங்கம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னது போலத்தான் இருந்தது. "வாங்கினவங்க போன்ல போய், திருப்பல, நானே வச்சுக்கறேன்னு போட்டா இது தானா மூடிக்கும். இவருக்கும் தொறந்துடும். வேற வழி எனக்குத் தெரியல."

பேசிக்கொண்டிருக்கும்போதே நாத்தனாரின் கை மேஜையில் கிடந்த ஒரு சட்டையை இழுத்துத் தட்டி மடிக்கத் தொடங்கியிருந்தது.

"அதத் தொடாதீங்கம்மா, ப்ளீஸ்," என்றாள் அந்தப் பெண்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள் நாத்தனார். 

அன்று சாயங்காலம் அவளும் தையல்காரியும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். தையல் பிரித்த கோட்டு தையல்காரியின் கையில். மூன்றாம் மாடிக்காரி முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். விஷயம் கேட்டதும் முட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

"அந்தக் கவுனையா? நான் வச்சுக்கிட்டா அதுக்குப் பணத்துக்கு எங்கக்கா போவேன்? அவருக்கு வாங்கினதே தெரியாது. ஒருத்திகிட்ட இரவல்னு சொல்லியிருக்கேன்."

"உன்னச் சங்கடப்படுத்த வரல," என்றாள் தையல்காரி. "மாட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான் சொல்லல. இப்ப இவர் வீட்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி வர்றாரு. பார்க்க முடியல."

"நான் மட்டுமா குடுத்தேன்? மாடிக்கு மாடி குடுத்தாங்க. மாட்டினது மட்டும் என்னோடதா?"

"உன்னோடதத்தான் நான் ரொம்ப அழகா மடிச்சுட்டேன்," என்றாள் நாத்தனார்.

அதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மூன்றாம் மாடிக்காரி அவளைப் பார்த்தாள். ஜன்னலுக்குப் போனாள். துணி உலர்த்தும் கயிற்றைக் காரணமில்லாமல் இழுத்துக் கட்டினாள்.

"அன்னைக்கு ஓட்டல்ல, கூடப் படிச்ச அந்த டாக்டர் என்ன சொன்னா தெரியுமா? நீ மட்டும் அப்படியே இருக்கேடின்னா. எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. வீட்டுக்கு வந்து கவுனக் கழட்டறப்பவே நெனச்சேன், இது இதோட விடாதுன்னு." முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வெகு நேரம் தேடி எதையோ அமுக்கினாள். "போட்டுட்டேன். நானே வச்சுக்கறேன்."

தையல்காரி அவள் கையைப் பிடித்தாள். அவள் மெதுவாக உருவிக்கொண்டாள்.

"ஆனா இந்தக் கோட்ட நான் திருப்பியே ஆகணும்க்கா. ரெண்டையும் தாங்க எனக்குச் சக்தியில்ல. இதுல யாரும் குறுக்க வராதீங்க."

"வரமாட்டோம்," என்றாள் தையல்காரி. அப்போது அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

அவன் பெயர் மறுநாள் காலையில் திறந்துகொண்டது. போன் கூவியதும் பாதி முகச் சவரத்தோடு ஓடிவந்து பார்த்தான். பையைத் தூக்கி முதுகில் போட்டதும் ஆள் பழைய ஆளானான். மழை அடித்து ஊற்றியது. அவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. கிளம்பிப் போகிற வேகத்தைப் பார்த்து, தையல்காரி கையிலிருந்த ரொட்டியை அவன் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

மத்தியானத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது. அவன் உள்ளே வரவில்லை. கதவோரம் நின்று போனைக் காட்டினான்.

"மூணாவது மாடி. திருப்பி எடுக்கணுமாம். ஒரு கோட்டு."

தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள். "வேற யாராவது வந்து எடுக்க மாட்டாங்களா?"

"இந்தத் தெரு என்னோடது."

"கண்ண மூடிட்டு வாங்கிடுங்களேன். நேத்து அவ நமக்காக..."

அவன் படியேறினான். தையல்காரி படிக்கட்டின் அடியில் வந்து நின்றாள். பின்னால் நாத்தனார். மேலே காலிங்பெல், கதவு திறக்கும் சத்தம், பிளாஸ்டிக் உறை பிரியும் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அவ்வளவு நேரம் அவன் எந்த வாசலிலும் நின்றிருக்க மாட்டான்.

"இத எடுக்க முடியாதும்மா," என்றது அவன் குரல். அதில் கெஞ்சல் இருந்தது.

"அண்ணா, நூலெல்லாம் பிரிச்சாச்சு. உங்க வீட்டுலதான் பிரிச்சாங்க."

"தெரியும்மா. தெரிஞ்சுகிட்டே சரின்னு எப்படி அமுக்குவேன்? நாளைக்கு அங்க பிரிச்சுப் பார்த்தா மறுபடி நான்தான் நிக்கணும்."

"நேத்து நான் அமுக்கினேன்ல? உங்களுக்காக அமுக்கினேன்ல? பிடிக்காமத்தான் அமுக்கினேன்!" அவள் குரல் உடைந்து படிக்கட்டு முழுக்க விழுந்தது. எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. "உங்க வீட்டுல தைச்சா தப்பில்ல, மடிச்சா தப்பில்ல, நான் திருப்பினா மட்டும் தப்பா?"

"எல்லாமே தப்புத்தாம்மா. கடைசில அமுக்கறவன் நான்."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. அவன் இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது. கையில் போன் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.

"என்னைப் பார்க்காதீங்க," என்றான் இரண்டு பேரிடமும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தையல்காரி மேலே ஏறக் காலெடுத்து வைத்தாள். ஆனால் நாத்தனார் அவளை விலக்கிவிட்டு முன்னால் ஏறினாள். மூட்டு வலியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

"போயிடுங்க அண்ணா!"

"தம்பி இல்ல, நான்தான். தொற."

"எதுக்கு?"

"கோட்டு வாங்கணும்."

 கதவு ஒரு கை அளவுக்குத் திறந்தது. அழுது சிவந்த முகம் தெரிந்தது.

"கிண்டல் பண்றீங்களா பெரியக்கா?"

"கிண்டலா? எனக்குக் குளிர்காலத்துக்குன்னு ஒண்ணுமே இல்ல. கடைல நிக்கறப்ப கடைக்குள்ளயே இருந்துட்டேன், தேவைப்படல. என்ன விலையோ அந்த அட்டைல இருக்கே, அதத் தந்துடறேன். உன்ன மாதிரிப் போட்டுட்டுக் குடுத்தவங்க தந்த கூலி எல்லாம் அப்படியேதான் வச்சிருக்கேன். அத வேற எதுக்கும் எடுக்க எனக்கு மனசு வரல."

"இது சின்ன அளவு. உங்களுக்குக் கை கூட நுழையாது."

"அத நான் பார்த்துக்கறேன். குடு."

கீழே வந்ததும் நாத்தனார் கண்ணாடி முன் நின்று கோட்டைப் போட்டுக்கொண்டாள். ஒரு கை நுழைந்தது. இன்னொரு கைக்குத் தையல்காரி பின்னாலிருந்து இழுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முன்னால் பட்டனுக்கும் துளைக்கும் நடுவே ஒரு ஜாண் இடைவெளி. கையை அசைத்தால் முதுகில் எங்கோ தையல் நறநறத்தது. தையல்காரிக்கு அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அழுகையாகத்தான் வரும் போலிருந்தது, சிரிப்பாக வந்துவிட்டது.

"இது எப்படி அண்ணி உங்களுக்குப் பத்தும்?"

"பத்தலைன்னா நீ எதுக்கு இருக்க?" என்றாள் நாத்தனார் கண்ணாடியைப் பார்த்தபடியே. "வேற துணி வச்சு ரெண்டு பக்கமும் அகலப்படுத்து. இந்தத் தடவை நல்லா அழுத்தித் தை. யாரு இழுத்தாலும் வரக் கூடாது."

தையல்காரி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க அண்ணி. விடுங்க. உங்க அளவு என்னவோ அதையே எடுத்துக்கறேன்."

நாத்தனார் மூச்சை விட்டாள்.